60 வோல்ட் ஸ்கூட்டர் சார்ஜர்: பச்சை விளக்கை மட்டும் நம்பி வாங்காதீர்கள்

லைசென்ஸும் பதிவும் தேவைப்படாத 250 வாட், 25 கிலோமீட்டர் வேக ஸ்கூட்டர்கள் பலவும் இன்னும் லெட் ஆசிட் பேட்டரியில்தான் ஓடுகின்றன. 12 வோல்ட் பேட்டரி ஐந்தைத் தொடராகக் கோத்தால் 60 வோல்ட். இவற்றுக்கு ஸ்பேர் கடைகளில் கிடைக்கும் 3 ஆம்பியர் கறுப்புப் பெட்டி சார்ஜரைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம். 20 ஏ.ஹெச் (ஆம்பியர்-ஹவர், அதாவது பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரிக்கு இதுவே சரியான அளவு, தாராளமாக வாங்கலாம். அதே பேட்டரிக்கு 5 ஆம்பியர் 'ஃபாஸ்ட் சார்ஜர்' வேண்டவே வேண்டாம். இரண்டு மணி நேரம் மிச்சமாகும், ஆனால் பேட்டரி சூடாகி உள்ளே இருக்கும் நீர் ஆவியாகும். சீல் வைத்த பேட்டரி என்பதால் அந்த நீரைத் திரும்ப ஊற்றவும் முடியாது. 32 ஏ.ஹெச் பேட்டரி என்றால் 5 ஆம்பியர் போடலாம்.

இந்த சார்ஜரின் பெரிய குறை அதன் விளக்கு. முதலில் 3 ஆம்பியர் ஓடும். வோல்டேஜ் ஏறி 73.5 அளவில் நின்றதும் ஆம்பியர் மெல்லக் குறையும். அரை ஆம்பியருக்குக் கீழே வந்தால் விளக்கு பச்சையாகி, வோல்டேஜ் 69-க்கு இறங்கும். ஆக, பச்சை சொல்வது ஒன்றுதான்: கரன்ட் ஓடவில்லை. பேட்டரி நிறைந்தாலும் பச்சை, ஒயர் அறுந்தாலும் பச்சை, ஃபியூஸ் போனாலும் பச்சை. சார்ஜ் போட்டவுடனே பச்சை வந்தால் சார்ஜர் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் சீட்டுக்கு அடியில் இருக்கும் எம்.சி.பி-யை (கரன்ட் எல்லை மீறினால் தானே அணையும் மெயின் ஸ்விட்ச்) பாருங்கள். சில வண்டிகளில் சார்ஜிங் லைனும் அதன் வழியாகத்தான் போகிறது. அடுத்து சார்ஜிங் ஃபியூஸ், அதன் பிறகு சாக்கெட்.

சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தால் பல நேரம் விடை அங்கேயே கிடைக்கும். ஒரு பின்னைச் சுற்றி மட்டும் பிளாஸ்டிக் பழுப்பாகி உருகியிருக்கும், உள்ளே பித்தளைப் பிடி தளர்ந்திருக்கும். பிளக்கைச் செருகும்போது வரும் தீப்பொறிதான் நாளடைவில் இப்படி அரிக்கிறது. முதலில் வண்டியில் செருகிவிட்டு அப்புறம் வீட்டு ஸ்விட்சைப் போடுங்கள். எடுக்கும்போது ஸ்விட்சை அணைத்த பிறகே வண்டிப் பிளக்கை உருவ வேண்டும். இந்த ஒரு பழக்கமே சாக்கெட்டின் ஆயுளை நன்றாகக் கூட்டும்.

இதே சாக்கெட்டில் உயிருக்கே ஆபத்தான விஷயம் ஒன்று இருக்கிறது. பல வண்டிகளில் அது கம்ப்யூட்டர் பவர் கார்டின் மூன்று பின் வடிவத்திலேயே இருக்கிறது. தெரியாமல் யாராவது அந்தக் கார்டை வண்டியில் செருகினால் வீட்டு 230 வோல்ட் நேராக பேட்டரிக்குப் போகும். சாக்கெட் மூடிமேல் 'சார்ஜர் மட்டும்' என்று எழுதி ஒட்டிவையுங்கள், குழந்தைகளிடமும் சொல்லிவையுங்கள். இதுபோக, எந்தப் பின் பிளஸ் என்பது வண்டிக்கு வண்டி மாறும். புது சார்ஜர் வாங்கும்போது பழையதையும் மல்டிமீட்டரையும் கையோடு கொண்டுபோய், பிளஸ் மைனஸ் இரண்டிலும் ஒரே பின்னில் வருகிறதா என்று பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.

பத்து மணி நேரமாகியும் பச்சை வரவில்லை, சீட்டுக்கு அடியில் சூடு. இதற்கும் சார்ஜரைத்தான் திட்டுவார்கள். சார்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஐந்து பேட்டரியையும் தனித்தனியாக மீட்டரில் பாருங்கள். நல்ல செட்டில் ஒவ்வொன்றும் 14.7 அருகில் இருக்கும். ஒன்று மட்டும் 12.5-லேயே நின்றால் அதன் ஆறு செல்களில் ஒன்று ஷார்ட். சார்ஜர் 73.5-ஐ விடாது. மிச்சமுள்ள 61 வோல்ட்டையும் மற்ற நாலும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும், ஆளுக்கு 15.25. நல்ல பேட்டரி நாலும் இப்படித்தான் வீங்குகின்றன. கெட்டது ஒன்று, அது மற்றதையும் சேர்த்துக் கொல்கிறது. அன்றைக்கே சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள். அதே வயதுள்ள, அதே ஏ.ஹெச் பேட்டரி கிடைத்தால் ஒன்றை மட்டும் மாற்றலாம். மற்றவை ஏற்கெனவே வீங்கியிருந்தால் ஐந்தையும் மாற்றுவதே நல்லது.

சார்ஜ் நன்றாக ஏறுகிறது, ஆனால் மைலேஜ் பாதியாகிவிட்டது என்றால் பேட்டரியை லோடில்தான், அதாவது கரன்ட் இழுக்கவிட்டுத்தான் சோதிக்க வேண்டும். சும்மா இருக்கும்போது செத்த பேட்டரியும் 12.7 காட்டும். இதற்கு விலை உயர்ந்த டெஸ்டர் தேவையில்லை. 12 வோல்ட் 55 வாட் ஹெட்லைட் பல்பு இரண்டை இணையாகக் கட்டினால் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். முழு சார்ஜில் உள்ள 20 ஏ.ஹெச் பேட்டரியில் கால் மணி நேரம் எரியவிடுங்கள். நல்லது 12-க்கு மேலேயே நிற்கும். 11-க்குக் கீழே சரிவது எதுவோ அதுதான் வண்டியை நிறுத்துகிறது. பல்பு கடுமையாகச் சுடும், ஓட்டின் மேலோ செங்கல் மேலோ வையுங்கள்.

ஐந்துமே தேறிய பிறகும் மேட்டில் வண்டி இழுக்கவில்லையென்றால் லக்குகளை (ஒயர் நுனியை டெர்மினலோடு இணைக்கும் உலோக வளையங்கள்) பாருங்கள். ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, எம்.சி.பி-யை அணைத்து, ஒவ்வொரு டெர்மினலையும் விரலால் தொட்டாலே தெரியும். மற்றவை வெதுவெதுப்பாக இருக்க, ஒன்று மட்டும் சுட்டால் அங்கே கிரிம்ப், அதாவது லக்கை ஒயரோடு நசுக்கிப் பிடித்த இடம், தளர்ந்திருக்கிறது. மேட்டில் 15 ஆம்பியர் ஓடும்போது அந்த இடத்தில் அரை வோல்ட் விழுந்தாலும் 7.5 வாட் சூடு ஒரே புள்ளியில் இறங்குகிறது. வெறுமனே முறுக்கி டேப் சுற்றாமல், லக்கை வெட்டிவிட்டுப் புதிதாகக் கிரிம்ப் பண்ணுங்கள். ஸ்பேனர் பிடியில் டேப் சுற்றி, மோதிரத்தைக் கழற்றிவிட்டு வேலை செய்யுங்கள். மோட்டார் ஓடுகிறது, ஹாரனும் லைட்டும் மட்டும் இல்லை என்றால் பேட்டரியைத் தொடவே வேண்டாம், 60-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டரைப் பாருங்கள்.

வெயில் காலத்தில் இந்த சார்ஜர் தோற்கிறது. சூடு ஏற ஏற வோல்டேஜ் குறைய வேண்டும். ஐந்து பேட்டரியிலும் சேர்த்து உள்ள 30 செல்லுக்கு டிகிரிக்குச் சுமார் 0.1 வோல்ட். 25 டிகிரிக்கு 73.5 சரி என்றால் 40 டிகிரிக்கு 72 போதும். மலிவான பெட்டிகள் பலவற்றில் அந்த ஏற்பாடு கிடையாது. வேலூர், திருச்சி வெயிலில் ஓடிவந்த வண்டியை உடனே சார்ஜில் போடாமல் அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள், முடிந்தால் இரவில் போடுங்கள். எட்டு மணி நேரத்தில் அணையும் டைமர் சாக்கெட் ஒன்று வாங்கி மாட்டினால் இன்னும் நல்லது.

ஃபேன் சத்தம் நின்றுவிட்டால் அப்படியே ஓட்டாதீர்கள், உள்ளே கெப்பாசிட்டர் காய்ந்துவிடும். நீங்களே திறக்கவும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

வண்டியை லித்தியத்துக்கு மாற்றியவர்கள் இந்தப் பெட்டியைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். 17 செல் என்.எம்.சி (ஒரு வகை லித்தியம்) பேக் 71.4 வோல்ட்டிலேயே நிறைந்துவிடும். இது 73.5 வரை தள்ளும். நடுவில் காப்பது பி.எம்.எஸ் (பேக்கைக் கண்காணித்து, எல்லை மீறினால் துண்டிக்கும் சர்க்யூட்) ஒன்றுதான்.