போர்க்கால அருங்காட்சியகத்தில் கூட்ட அறை: பிளெட்ச்லி, வைட்ஹால், பெல்ஃபாஸ்ட்

இங்கிலாந்தில் இருபது, முப்பது பேர் கூடும் ஒரு நாள் கூட்டத்தை வழக்கமான ஓட்டல் அரங்கில் அல்லாமல் இரண்டாம் உலகப் போரின் அருங்காட்சியகம் ஒன்றில் நடத்த விரும்புவோர் முன்னால் பெரும்பாலும் மூன்று பெயர்கள் வந்து நிற்கும்: போர்க்காலத்தில் எதிரியின் சங்கேதச் செய்திகளை உடைத்த மாளிகை வளாகமான பிளெட்ச்லி பார்க், லண்டன் வைட்ஹால் பகுதியில் நிலத்தடியில் உள்ள சர்ச்சில் போர் அறைகள், தேம்ஸ் நதியில் நங்கூரமிட்டிருக்கும் எச்.எம்.எஸ். பெல்ஃபாஸ்ட் போர்க்கப்பல். மூன்றுமே இடத்தை வாடகைக்குத் தருகின்றன. ஆனால் நமக்குக் கிடைக்கும் அறைக்கும் வரலாறு நடந்த அறைக்கும் உள்ள தூரம் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. விலைப்பட்டியலைக் கேட்கும் முன் அதைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

பெயரளவில் மிகக் கவர்ச்சியானவை சர்ச்சில் போர் அறைகள். பிரிட்டன் போரை அறிவிப்பதற்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, 1939 ஆகஸ்ட் 27 அன்று இயங்கத் தொடங்கிய இந்த நிலவறையில் போர்க்கால அமைச்சரவை 115 முறை கூடியிருக்கிறது. 1984இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டபோதும் அமைச்சரவை அறையும் வரைபட அறையும் அன்றிருந்த நிலையிலேயே காக்கப்பட்டன. ஆகவே அவற்றை வெளியே நின்று பார்க்கலாமே தவிர, சர்ச்சிலின் நாற்காலியில் நம் தலைவரை உட்கார வைக்க முடியாது. கூட்டத்துக்குத் தரப்படுவது தனியே ஒழுங்கு செய்யப்பட்ட வேறோர் அறை. சன்னல் இல்லாத நிலத்தடியில் எட்டு மணி நேரம் வரவு செலவு பேசுவது எவருக்கும் அயர்வூட்டும். பார்வையாளர்கள் கலைந்த பிறகு, மாலையில், விருந்தினர்கள் அந்த இடைகழிகளில் உலவியபடி பேசிக்கொள்ளும் வரவேற்பு நிகழ்ச்சிக்குத்தான் இந்த இடம் பொருந்தும். வெஸ்ட்மின்ஸ்டர் நிலத்தடி ரயில் நிலையம் நடக்கும் தொலைவில் இருப்பதும் மாலை நிகழ்ச்சிக்குச் சாதகம்.

பகல் முழுவதும் வேலை செய்ய வேண்டிய கூட்டம் என்றால் நான் தயங்காமல் பிளெட்ச்லியைத்தான் சொல்வேன். எதிரியின் சங்கேதச் செய்திகளை உடைக்கும் அமைப்புக்கு இந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்குப் பெரிய காரணம், லண்டனிலிருந்து வடக்கே செல்லும் ரயில் பாதையும் ஆக்ஸ்ஃபோர்டையும் கேம்பிரிட்ஜையும் இணைத்த பாதையும் இங்கே சந்தித்ததுதான். அந்த வசதியில் ஒரு பாதி இன்றும் பயன்படுகிறது: லண்டன் யூஸ்டனிலிருந்து ஏறக்குறைய முக்கால் மணி நேரப் பயணம், நிலையத்திலிருந்து சில நிமிட நடை. நடன மண்டபம் உள்ளிட்ட மாளிகையின் பழைய அறைகளே வாடகைக்குக் கிடைக்கின்றன. அமைப்பின் தலைவர் ஆலஸ்டர் டெனிஸ்டனின் அலுவலகம் இருந்ததும் இதே மாளிகையில்தான். எனினும் ஜெர்மனியின் சங்கேத இயந்திரமான எனிக்மாவை உடைக்கும் பணியின் பெரும்பகுதி மாளிகையில் அன்றி, வெளியே இருந்த மரக் கொட்டகைகளில்தான் நடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கணித அறிஞர் ஆலன் டூரிங் பணியாற்றிய 8ஆம் எண் கொட்டகை இப்போது காட்சிக்கூடம். மதிய உணவுக்குப் பின் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் அனைவரும் நடந்து சென்று பார்த்துத் திரும்பலாம். மற்ற இரண்டு இடங்களிலும் கிடைக்காத திறந்தவெளியும் ஏரியும் இங்கே உண்டு. 2023 நவம்பரில் செயற்கை நுண்ணறிவுப் பாதுகாப்பு பற்றிய பன்னாட்டு மாநாட்டை பிரிட்டிஷ் அரசு நடத்தியதும் இங்கேதான். உணவிலும் இந்த இடத்துக்குப் பழைய பெருமை உண்டு: 1938இல் ஒத்திகைக்காக வேட்டைக் குழு என்ற வேடத்தில் வந்த உளவுத் துறையினர் சவாய் ஓட்டலின் சமையல்காரரையும் உடன் அழைத்து வந்தனர். அந்தத் தரத்தை இன்று எதிர்பார்க்க வேண்டாம்.

கட்டணத்தை ஒப்பிடும்போது வெறும் அறை வாடகையையும், தேநீர், மதிய உணவு சேர்ந்த தலைக்கு இவ்வளவு என்ற கட்டணத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பது தவறான முடிவைத் தரும். மதிப்புக் கூட்டு வரியும் அருங்காட்சியக நுழைவும் அதில் அடங்குமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

பெல்ஃபாஸ்ட் கப்பலில், நமக்குக் கிடைக்கும் அறைக்கும் வரலாறு நடந்த அறைக்கும் உள்ள தூரம் அநேகமாக இல்லை என்றே சொல்லலாம். 1943 டிசம்பரில் ஜெர்மனியின் ஷார்ன்ஹோர்ஸ்ட் போர்க்கப்பல் மூழ்கடிக்கப்பட்ட போரிலும், 1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக் கரையை நோக்கிக் குண்டு பொழிந்ததிலும் பங்கேற்ற கப்பலில், அதிகாரிகள் உணவருந்திய கூடத்திலேயே நாமும் அமர்கிறோம். டவர் பாலம் கண்ணெதிரே தெரிகிறது. அதற்கு ஈடாகத் தாழ்ந்த கூரையையும் குறுகிய வழிகளையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். பத்துப் பன்னிரண்டு பேர் மனம் விட்டுப் பேசும் கூட்டத்துக்கு அது குறையே அல்ல. படக்காட்சியும் குழுப் பயிற்சியும் கொண்ட நாளுக்குத் தொல்லைதான். கப்பலின் ஒன்பது தளங்களுக்கு இடையே உள்ள ஏணிகள் செங்குத்தானவை. ஆகவே வருவோரில் மூட்டு வலி உள்ள ஒருவர் இருந்தாலும், ஏணி ஏறாமல் எந்த அறை வரை செல்ல முடியும் என்பதை முன்பணம் கட்டும் முன்பே நேரில் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.