'போனோர்' எண்டு அடிக்காத பனர் கடை

பனர் அடிக்கக் கிளிநொச்சியில கடைக்குக் குறைவில்லை. சாமத்திய வீடு, அந்தியேட்டி, ரியூஷன் எல்லாத்துக்கும் அரை நாளில அடிச்சுத் தருவினம். எனக்குத் தேவைப்பட்டது தம்பியின்ர படம். 2009 மே மாசம் சண்டை முடிஞ்ச நேரம், முல்லைத்தீவு வட்டுவாகலில அம்மா தன்ர கையால ஆமியிட்டை ஒப்படைச்ச பிள்ளை. 2017 பெப்ரவரி 20 கந்தசுவாமி கோவிலடியில காணாமல் ஆக்கப்பட்ட ஆக்களின்ர சொந்தங்கள் போராட்டம் தொடங்கின நாளிலயிருந்து அம்மா அங்கை போய்வாறா. பழைய பனர் வெயிலில வெளிறி, முகம் எது சேட் எது எண்டு தெரியாமல் போச்சுது. ஓகஸ்ட் 30 காணாமல் ஆக்கப்பட்டோருக்கான சர்வதேச நாள், அதுக்கு முதல் புதுசு வேணும்.

முதல் போன கடையில, "படம் அடிக்கலாம் அக்கா, 'இராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டவர்' எண்ட வரியை மட்டும் எடுத்துவிடுங்கோ" எண்டார் முதலாளி. முந்தி இப்பிடி ஒண்டு அடிச்சுக் குடுக்க, ஆரோ வந்து ஓடர் குடுத்த ஆக்களின்ர நம்பர் கேட்டவையாம். அவரோட சண்டை பிடிக்க மனம் வரேல்லை, அவரும் பிள்ளைகுட்டிக்காரர். ஆனால் அந்த வரியை எடுத்தால் அது நினைவஞ்சலி பனர். அரசியலமைப்பின்ர 14ஆம் உறுப்புரையில பேச்சுச் சுதந்திரம் இருக்குத்தான். கடை மேசைக்கு முன்னால நிண்டு ஆருக்கு அதைக் காட்டுறது?

மற்றக் கடை கரடிப்போக்குப் பக்கம், ஒழுங்கைக்குள்ள. ஃபான் சுத்தாது. கரண்டும் போய் ரண்டு மணித்தியாலம் குந்தியிருந்தனாங்கள், பிளேன்ரீ வாங்கித் தந்தவங்கள். எங்களிட்டைக் கிடந்தது அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படம்; பங்கருக்குள்ள தண்ணி பட்டு கன்னத்தில மஞ்சள் கறை. பெடியன் கறையை எடுத்திட்டு முகத்தையும் வெள்ளையாக்கப் போனான். "என்ர பிள்ளை கறுப்படா தம்பி" எண்டா அம்மா. உடன பழையபடி மாத்தினான்.

தலைப்புக்கு அவனிட்ட ஏற்கனவே இருந்த எழுத்து 'காணாமல் போனோர்'. "போகேல்லை மோனை, நான்தான் குடுத்தனான்" எண்டா அம்மா. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால அரசாங்கம் உண்டாக்கின அலுவலகத்தின்ர பேரே 'காணாமற்போன ஆட்கள்' எண்டுதான் கிடக்கு, இவனை என்னெண்டு சொல்லுறது. மறுகதை கதைக்காமல் 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்' எண்டு அடிச்சு, கண் தெரியாத அம்மாவுக்கு ஒவ்வொரு சொல்லா வாசிச்சும் காட்டினான். ஒப்படைச்ச வரி அப்பிடியே நிண்டுது.

நாலடிக்கு மூண்டடி, 1800 ரூபா. கலர் ஒரு மாச வெயிலுக்கு அசையேல்லை. வளையம் குத்தினதுதான் சரியில்லை. முதல் காத்துக்கே மேல் மூலை ரண்டும் கிழிஞ்சு, ஊசிநூலால தைச்சனாங்கள். அதுக்கு ஒரு நட்சத்திரம் குறைப்பன்.

போராட்டக் கொட்டிலில கட்டி விரிச்ச பிறகுதான் பாத்தனான். சாமத்திய வீட்டு பனரில போடுற மாதிரியே கீழ் மூலையில கடைப் பேரும் ரெலிபோன் நம்பரும் போட்டிருக்கிறாங்கள். பேரை இஞ்சை நான் எழுதேல்லை. வேணுமெண்டால் கோவிலடிக்கு வந்து பாருங்கோ, அந்த மூலை கிழியேல்லை.