பாதி கட்டிய கப்பலைப் பிறர் கையில் கொடுக்குமுன்

மரத்தில் மாதிரிப் பாய்க்கப்பல் கட்டுகிறவர்களில் சிலர், உடற்பகுதியைக் கட்டி முடித்த பின்னர், பாய்மரம் நிறுத்திக் கயிறும் பாயும் கட்டும் இறுதி வேலையைக் கூலி கொடுத்து ஒருவரிடம் ஒப்படைப்பதுண்டு. வயதோ பார்வையோ கைவிரல்களோ இடம் கொடுக்காதபோது வேறு வழியும் இருப்பதில்லை. நானும் அப்படித்தான், இரண்டு குளிர்காலம் உழைத்துக் கட்டிய புளூநோஸ் கப்பலை ஒன்ராறியோவில் உள்ள ஒருவரிடம் கொடுத்தேன். ஏழு மாதம் கழித்து, 1,950 டொலர் செலவழித்து, திருத்த முடியாதபடி கெடுக்கப்பட்ட ஒரு பொருளைத் திரும்பப் பெற்றேன். விடயம் இப்போது சிறு உரிமைகோரல் நீதிமன்றத்தில் இருப்பதால் அவருடைய பெயரையோ ஊரையோ இங்கே எழுதவில்லை. இதே வேலைக்கு ஆள் தேடிக்கொண்டிருப்பவர்கள் பணம் அனுப்புமுன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

புளூநோஸை நான் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. கனடாவின் பத்துச் சத நாணயத்தில் 1937ஆம் ஆண்டு முதல் இருந்து வரும் பாய்க்கப்பல் அதுதான். வில்லியம் றூவே வரைந்து, நோவா ஸ்கோசியாவின் லூனன்பேர்க் துறைமுகத்தில் கட்டப்பட்டு, 1921 மார்ச் 26 அன்று நீரில் இறக்கப்பட்ட அந்தக் கப்பல், மீன்பிடித் தொழிலும் செய்து, ஓட்டப்போட்டிகளிலும் வென்று, 1946இல் ஹெயிற்றித் தீவருகே பாறையில் மோதி அழிந்தது. மசாச்சுசெற்ஸின் குளொஸ்ரர் துறைமுகத்துக் கப்பலான கேர்ட்ரூட் எல். திபோட்டுக்கு எதிரான அதன் கடைசிப் போட்டி 1938 ஒக்டோபரில் நடந்தது. அதே ஆண்டு, அதே குளொஸ்ரருக்கு, எங்கள் வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி அம்மாள் என்ற பாய்க்கப்பலும் அத்திலாந்திக்கைக் கடந்து போய்ச் சேர்ந்திருந்தது. சிறு வயதில் கடலோடிய என் மூத்த அண்ணர் இந்தக் கதையை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அவருடைய எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு என் கையால் கட்டிய புளூநோஸைக் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

உண்மையான கப்பலின் நீளம் 143 அடி. அறுபத்துநான்கில் ஒரு பங்கு அளவில் கட்டும்போது அது ஏறத்தாழ 68 சென்ரிமீற்றர் வரும். ஏரா என்னும் அடிமரத்தை நிறுத்தி, அதில் வங்குகள் என்னும் விலாக்கட்டைகளைப் பொருத்தி, ஒவ்வொரு பலகையையும் வெந்நீரில் ஊறவைத்து, அணியத்தை, அதாவது கப்பலின் முன்பக்கத்தை, நோக்கி ஒடுங்கும்படி சீவி, வளைத்து ஒட்டுவது பொறுமையைக் கேட்கும் வேலை. ஒரு நாளில் இரண்டு பலகைக்கு மேல் நான் ஒட்டியதில்லை. மேற்தளத்துப் பலகைகளுக்கு இடையே இடுக்கை அடைக்கும் கலப்பத்துக் கோடு தெரிய வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு பலகையின் ஓரத்திலும் மென்பென்சிலால் தேய்த்த பிறகே ஒட்டினேன். கறுப்பும் சிவப்புமான உடலில் மெல்லிய மஞ்சள் கோட்டை இழுக்க மட்டும் மூன்று மாலைகள் பிடித்தன. அந்தக் கப்பல் தூண்டில் மீன்பிடிக்காக எட்டுச் சிறு படகுகளைச் சுமந்து சென்றது. மேற்தளத்தில் அவை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். மாதிரிக் கப்பலின் உறுப்புகள் அடங்கிய தொகுப்புப் பெட்டியில் வந்த வார்ப்புப் படகுகள் எனக்குப் பிடிக்காததால், எட்டையும் மெல்லிய பலகைகளைக் கொண்டு நானே கட்டினேன்.

அதன் பிறகுதான் பெருவிரல் மூட்டுகளில் வாதம் முற்றியது. பலகையைப் பிடிக்க முடிந்த கையால் கால் மில்லிமீற்றர் நூலில் முடிச்சுப் போட முடியவில்லை. இணையத்தில் தேடியபோது, மாதிரிக் கப்பல்களை முடித்துக் கொடுப்பதாக விளம்பரம் செய்திருந்த இவரைக் கண்டேன். விக்ரறி, கற்றி சார்க், எண்டெவர் என்று பெரிய கப்பல்களின் அழகான படங்களைத் தமது வேலை என்று போட்டிருந்தார். தொலைபேசியில் மிகுந்த மரியாதையுடன் பேசினார். தாம் முன்னரே இரண்டு புளூநோஸ் முடித்துக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். வேலைக்கு 1,400 டொலர் ஆகும், பெப்ரவரி முடிவுக்குள் தருவேன் என்று மின்னஞ்சலில் எழுதினார். 900 டொலரை முற்பணமாக, வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக மின்னஞ்சல் வழியே அனுப்பும் முறையில் கேட்டார். அனுப்பினேன். ஒக்டோபரில் கப்பலையும் படகுகளையும் நூல், கப்பி, உலோக உறுப்புகள் அடங்கிய பெட்டியையும் நானே வாகனத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். என்னென்ன கொடுத்தேன் என்று ஒரு பட்டியல் எழுதி அவருடைய கையொப்பத்தை வாங்கவில்லை. என் பெரிய தவறு அதுதான்.

பெப்ரவரி போனது, மார்ச்சும் போனது. வேலை எந்த அளவில் இருக்கிறது என்று ஒரு படமாவது அனுப்பும்படி நான்கு தடவை கேட்டேன். முடித்த பிறகு பார்த்தால்தான் அழகு என்பதே ஒவ்வொரு தடவையும் பதிலாக வந்தது. அண்ணரின் பிறந்தநாளும் கடந்து போனது. மே மாதத்தில் வேலை முடிந்துவிட்டது என்றும், கயிற்று வேலை எதிர்பார்த்ததைவிடக் கூடிவிட்டதால் இன்னும் 1,050 டொலர் தந்தால்தான் கப்பலை ஒப்படைக்க முடியும் என்றும் செய்தி வந்தது. மேலதிக வேலை எதையும் நான் கேட்டிருக்கவில்லை. ஆனால் கப்பல் அவர் கையில் இருந்தது. கொடுத்துவிட்டு எடுத்து வந்தேன். போர்வையால் சுற்றியிருந்ததை அங்கேயே பிரித்துப் பார்க்காமல் வந்ததும் தவறுதான்.

வீட்டில் மேசை விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தபோது முதலில் கண்ணில் பட்டது பளபளப்பு. நான் மங்கலாக முடித்திருந்த மேற்தளம், உடல், படகுகள் எல்லாவற்றின் மீதும் மினுங்கும் பொலியூரித்தேன் வார்னிஷைத் தடித்த தூரிகையால் பூசியிருந்தார். பென்சிலில் இழுத்த கலப்பத்துக் கோடுகள் கரைந்து சாம்பல் நிறத்தில் பரவியிருந்தன. அணியத்தின் இருபுறமும் வார்னிஷ் வழிந்து துளியாக உறைந்திருந்தது.

அடுத்தது கயிறு. பாய்மரத்தைத் தாங்கி அசையாமல் நிற்கும் நிலைக்கயிறுகள் கருமையாகவும், பாயை ஏற்றி இறக்கும் ஓடும் கயிறுகள் வெளிர் நிறத்திலும் இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தடிப்பு உண்டு. நான் பெட்டியில் ஐந்து தடிப்பில் நூல் வைத்துக் கொடுத்திருந்தேன். அவர் எல்லாவற்றுக்கும் ஒரே தடிப்பில், ஒரு மில்லிமீற்றர் நைலோன் நூலைப் பயன்படுத்தியிருந்தார். இந்த அளவில் ஒரு மில்லிமீற்றர் என்பது உண்மைக் கப்பலில் 64 மில்லிமீற்றர், அதாவது இரண்டரை அங்குலத் தடிப்புள்ள வடம். அப்படியொரு வடத்தை எந்த மாலுமியும் மேற்பாயின் மூலையில் கட்டுவதில்லை. பாய்களைத் தையல் இயந்திரத்தில் மூன்று மில்லிமீற்றர் இழையில் தைத்திருந்தார். உண்மைப் பாயில் அந்த இழை ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு சாண் நீளமாக இருந்திருக்கும். முடிச்சு என்று ஒன்றுமே இல்லை. நூலைத் தொட்டுத் தொட்டுச் சுப்பர் குளூ விட்டு ஒட்டியிருந்தார். அந்தப் பசையின் ஆவி படிந்து கறுப்பு உடலில் வெள்ளைத் தூள் பூத்திருந்தது.

அண்ணர் வந்து பார்த்தார். நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு குனிந்து பெரிய பாய்மரத்தின் அடியைப் பார்த்து ஒரேயொரு கேள்வி கேட்டார்: “தம்பி, இந்த ஆஞ்சானை எங்கை கட்டியிருக்கிறான்?”

அதுவரை நான் அதைக் கவனிக்கவில்லை. பாயை ஏற்றி இறக்கும் கயிறான ஆஞ்சான், கப்பிகள் வழியாக இறங்கி வந்து பாய்மரத்தடியில் உள்ள முளையில் சுற்றிக் கட்டப்பட வேண்டும். மிச்சக் கயிறு சுருளாக அதில் தொங்க வேண்டும். இங்கே கயிறு தளத்துக்கு ஒரு விரற்கடை மேலே வெட்டப்பட்டிருந்தது. முளைகள் வெறுமையாக நின்றன. வெட்டிய இடத்தை மறைப்பதற்காகத் தனியாகச் சுருட்டிய ஒரு நூலைத் தளத்தில் ஒட்டியிருந்தார். பாயை ஏற்றவோ இறக்கவோ வழியில்லாத ஒரு கப்பல். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கடலை விட்டு வந்த அண்ணருக்கு அது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

திருத்திவிடலாமா என்று நான் பார்க்காமல் இல்லை. வெள்ளை மரப்பசையால் ஒட்டிய முடிச்சை ஐசோபுரொப்பைல் அல்ககோல் தொட்டு இளக்கலாம். அதனால்தான் இந்த வேலை தெரிந்தவர்கள் கயிற்றுக்குத் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையை மட்டும், அதுவும் ஊசிமுனையளவு வைப்பார்கள். சுப்பர் குளூவைக் கரைக்க அசிற்றோன் வேண்டும். அசிற்றோன் பட்டால் அதன் கீழே உள்ள நிறப்பூச்சும் வந்துவிடும். ஒரு கயிற்றில் முயன்று பார்த்ததில், மூன்று மாலைகள் செலவழித்து இழுத்த மஞ்சள் கோட்டில் இரண்டு சென்ரிமீற்றர் போய்விட்டது. அத்துடன் நிறுத்திக்கொண்டேன். பொலியூரித்தேனைச் சுரண்டி எடுப்பதானால் பலகையின் மேற்பரப்பையும் சேர்த்தே எடுக்க வேண்டும்.

பின்னர்தான் அவருடைய படங்களை ஆராய்ந்தேன். படத்தைக் கொடுத்து அதே படத்தைத் தேடும் வசதியில் ஒவ்வொன்றாக இட்டுப் பார்த்தபோது, மூன்றில் இரண்டு, தொகுப்பு தயாரிக்கும் நிறுவனங்களின் விளம்பரப் படங்கள் என்று தெரிந்தது. இதைச் செய்ய எனக்குப் பத்து நிமிடம் ஆனது. பணம் அனுப்புமுன் அந்தப் பத்து நிமிடத்தைச் செலவிட்டிருக்க வேண்டும். அதைவிட முக்கியமான ஒன்றையும் இப்போது உணர்கிறேன். அவர் போட்டிருந்த படங்களில் பாதி வேலை நிலையில் ஒரு கப்பல்கூட இல்லை. உண்மையில் இந்த வேலையைச் செய்கிறவரிடம் முடிந்த கப்பலின் படத்தைவிட முடியாத கப்பலின் படங்களே அதிகம் இருக்கும்: பாதி நிலைக்கயிறு கட்டிய பாய்மரம், முளையில் சுற்றக் காத்திருக்கும் நூல் நுனி, கவ்வியில் பிடித்த கப்பி. ஆகவே முடிந்த கப்பலைப் பார்த்து மயங்காமல் இவற்றைக் கேளுங்கள். எந்தக் கயிற்றுக்கு எந்தத் தடிப்பு, என்ன பசை, என்ன மேற்பூச்சு என்று பணம் கொடுக்குமுன் எழுத்தில் வாங்குங்கள். என்ன பசை என்ற கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்ல முடியாதவரிடம் கப்பலை விட்டுவிட்டு வராதீர்கள். நிலைக்கயிறு முடிந்தவுடன் ஒரு தடவையாவது நேரில் போய்ப் பார்ப்பதை நிபந்தனையாக வையுங்கள். அந்தக் கட்டத்தில் பிழை தெரிந்தால் கப்பலைக் காப்பாற்றலாம்.

பணத்தைப் பொறுத்தவரை, கடனட்டையில் செலுத்தியிருந்தால் அட்டை நிறுவனத்திடம் மறுப்புத் தெரிவிக்க ஒரு வழியாவது இருந்திருக்கும். நான் அனுப்பிய முறையில், பெறுபவரின் கணக்கில் சேர்ந்த பணத்தை வங்கி திருப்பி எடுத்துத் தராது. ஆனால் ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் எனக்குத் தெரியாமல் இருந்த ஒரு பிரிவு உண்டு: ஒப்பந்தத்தில் மதிப்பீட்டுத் தொகை குறிக்கப்பட்டிருந்தால், நாம் புதிதாக எதுவும் கேட்காத நிலையில், அதைவிடப் பத்துச் சதவீதத்துக்கு மேல் அறவிட முடியாது. 1,400 டொலர் வேலைக்கு உச்சம் 1,540. மிகுதியைத் திரும்பத் தரும்படி பணம் செலுத்திய நாளிலிருந்து ஓராண்டுக்குள் கேட்க வேண்டும். வாக்களித்த நாள் கடந்து முப்பது நாளாகியும் பொருள் கைக்கு வராவிட்டால் ஒப்பந்தத்தையே நீக்கிக்கொள்ளும் உரிமையும் அதே சட்டத்தில் உண்டு. மார்ச் முடிவில் அதைப் பயன்படுத்தியிருந்தால், வார்னிஷ் பூசுமுன்னரே கப்பல் வீடு வந்திருக்கக்கூடும் என்ற எண்ணம் என்னை விடுவதாக இல்லை. கடிதம் எழுதினேன், பதில் வராததால் நீதிமன்றம் போனேன். 1,400 டொலர் என்று அவர் எழுதிய அந்த மின்னஞ்சல்தான் இன்று என்னிடம் உள்ள வலுவான சான்று. தொலைபேசியில் பேசியவை எவற்றுக்கும் சான்று இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எட்டுப் படகுகள் கொடுத்தேன். ஆறுதான் திரும்பி வந்தன. நான்கும் நான்குமாக அடுக்க வேண்டியதை மூன்றும் மூன்றுமாக அடுக்கி ஒட்டியிருந்ததால் முதல் நாள் எனக்கே அது தெரியவில்லை. கேட்டபோது ஆறுதான் கொடுத்தீர்கள் என்றார். பட்டியல் இல்லாததால் என்னால் மறுத்துக் காட்ட முடியவில்லை. ஆனால் கட்டும்போது வரிசை மாறாமல் இருக்க ஒவ்வொரு படகிலும் பின்பக்க இருக்கைப் பலகையின் அடியில் பென்சிலால் ஓர் எண்ணை எழுதியிருந்தேன். தமிழ் எண் வடிவத்தில், என் தகப்பனார் கணக்கெழுதிய முறையில். ஒட்டியிருந்த ஆறையும் பிரித்துப் பார்த்தேன். இல்லாதவை ௩, ௭, அதாவது மூன்றும் ஏழும். ஒன்பது சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவான நீளம், வெளிப்புறம் மங்கல் மஞ்சள், உட்புறம் பூசாத மரம். வேறு எவருடைய கப்பலிலாவது, பழம்பொருள் விற்பனையிலாவது இப்படி இரண்டு படகுகளைக் கண்டால், தயவுசெய்து கவிழ்த்து அந்தப் பலகையின் அடியைப் பாருங்கள்.