மழைநீர்: தொட்டியில் பிடிப்பதா, நிலத்தில் இறக்குவதா?

மொட்டை மாடித் தண்ணீரை என்ன செய்வது என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் தொட்டியில் பிடிப்பதா, குழி வெட்டி நிலத்தில் இறக்குவதா என்றுதான் தடுமாறுகிறார்கள். முதலில் ஒரு கணக்கு: ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். 100 சதுர மீட்டர் மாடியில் 20 மி.மீ. பெய்தால் 2,000 லிட்டர். சிந்தியது சிதறியது போனாலும் பெரும்பகுதி கைக்கு வரும்.

செலவு
தொட்டி: பெரிதாக ஆக ஏறும், இடத்தையும் அடைக்கும்.
குழி: பள்ளம், கூழாங்கல், மணல், ஒரு குழாய். அவ்வளவுதான்.

பலன்
தொட்டி: மறுநாளே மொண்டு துணி துவைக்கலாம். நிரம்பிவிட்டால் மிச்சம் சாக்கடைக்கு.
குழி: உங்கள் கிணற்றுக்கே வரும் என்று உறுதியில்லை, பக்கத்து வீட்டுக் கிணறும் பங்கு போடும். தெருவே சேர்ந்து செய்தால்தான் வித்தியாசம் தெரியும்.

பராமரிப்பு
தொட்டி: இங்கேதான் தொல்லை. முதல் மழையின் அழுக்குத் தண்ணீரை வெளியே திருப்பிவிட வேண்டும். மூடியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் போதும், கொசு முட்டையிட்டுவிடும்.
குழி: மேல் மணலில் வண்டல் படிந்தால் வாரிக் கழுவிப் போட வேண்டும்.

களிமண்ணா? சின்னப் பள்ளம் தோண்டித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மறுநாளும் நின்றால் குழியை மறந்துவிடலாம். அஸ்திவாரத்தையும் செப்டிக் டேங்கையும் ஒட்டித் தோண்டவே கூடாது.

கிணறோ போரோ இருந்து, மண்ணும் உறிஞ்சினால் குழி. தினப்படிக்கே தட்டுப்பாடு என்றால் தொட்டி. இடமிருந்தால் தொட்டி வழியும் குழாயைக் குழிக்குத் திருப்பிவிடுங்கள். என் ஓட்டு அதற்குத்தான்.