சட்டம் படித்தவர்களே, ‘வேலை உறுதி’ என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்: என் 48,500 ரூபாய் போன கதை

‘வேலை உறுதி’ என்று பணம் வாங்கியவர்கள் நேற்று மாலை என் எண்ணைத் தடுத்துவிட்டார்கள். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் வெட்கம் வந்து எழுதவிடாது. வக்கீலுக்குப் படித்தவள் ஒப்பந்தத்தில் ஏமாந்தேன் என்று சொல்ல வாய் வருமா? 48,500 ரூபாய்.

நான் கடலூர்க்காரி. ஐந்தாண்டுச் சட்டப் படிப்பு முடித்து, வழக்கறிஞராகப் பதிவும் செய்துவிட்டேன். வீட்டில் கேள்வி தொடங்கியது அதற்குப் பிறகுதான். எங்கள் ஊர் மஞ்சக்குப்பத்தில் சீனியர் வக்கீல்களிடம் சேர்ந்த என் தோழிகளில் ஒருத்திக்கு மாதம் 3,000 ரூபாய். இன்னொருத்திக்குத் தீபாவளிக்கு ஒரு புடவை, அவ்வளவுதான். சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் ஜூனியர்களுக்கு உதவித்தொகை தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் சொன்னது. எங்கள் பக்கத்தில் அதை எடுத்துச் சொன்னால் சிரிக்கிறார்கள். நீதிபதித் தேர்வு எழுதலாம் என்றால், அதற்கு மூன்று ஆண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மறுபடியும் கொண்டுவந்துவிட்டது. மூன்று ஆண்டும் எதைச் சாப்பிடுவது?

இந்தப் பயத்தை வைத்துத்தான் அவர்கள் கடை நடத்துகிறார்கள்.

புதுச்சேரியில், நூறடிச் சாலைப் பக்கம் ஒரு மாடி. சட்டப் பட்டதாரிகளுக்கென்றே பயிற்சி கொடுத்து வேலையும் வாங்கித் தரும் நிலையம் என்று சொல்லிக்கொள்கிறார்கள். பெயரைப் போடவில்லை, அவதூறு நோட்டீஸ் அனுப்ப மட்டும் அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

உள்ளே என் அம்மா வயதில் ஒருவர். உட்காரச் சொல்லி, தேநீர் வரவழைத்து, “பார் தேர்வு எழுதியாயிற்றாம்மா?” என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, “சீனியர் பஸ் காசுகூடக் கொடுக்கமாட்டார். வீட்டில் எத்தனை நாள் பொறுப்பார்கள்? அப்புறம் கல்யாணப் பேச்சை எடுத்துவிடுவார்கள்” என்றார். எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒளிந்திருந்து கேட்டவர் போலப் பேசினார். அங்கேதான் விழுந்தேன்.

வெளிநாட்டு நிறுவனங்களின் ஒப்பந்தங்களைச் சரிபார்க்கும் வேலை, வீட்டிலிருந்தே செய்யலாம், மாதம் 25,000 ரூபாய் என்றார். சுவரிலிருந்த தினசரி நாள்காட்டியில் அன்றைய தாளைக் கிழித்து, அதன் பின்புறம் 25,000 × 2 = 50,000 என்று எழுதிச் சுற்றி வட்டம் போட்டார். “இரண்டே மாதத்தில் போட்ட பணம் கைக்கு வந்துவிடும்.” அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. முன்பக்கத்தில் என் ராசிக்கு ‘வரவு’ என்று போட்டிருக்கிறது. யாருக்கு வரவு என்று போடவில்லை.

ஒன்று மட்டும் கேட்டேன். பதிவு செய்த வழக்கறிஞர் முழுநேரச் சம்பள வேலைக்குப் போனால் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துத் தொழிலை நிறுத்திவைக்க வேண்டுமே? “அதையெல்லாம் யாரும்மா பார்க்கிறார்கள்? இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.” அந்த இடத்தில் எழுந்திருக்க வேண்டும். நானோ தேநீரைக் குடித்து முடித்தேன். டியூஷன் எடுத்துச் சேர்த்ததும் அம்மாவின் சீட்டுப் பணமுமாக 48,500 ரூபாயை அங்கேயே கைபேசியில் அனுப்பினேன்.

பயிற்சி 45 நாள் என்றார்கள். வந்ததெல்லாம் பதிவு செய்த காணொளிகள். அவற்றில் சில யூடியூபில் இலவசமாகவே கிடக்கின்றன. பிறகு ‘நேர்காணல்’. அமெரிக்க ஒப்பந்தமும் இல்லை, ஒன்றும் இல்லை; கடன் வசூலிக்கும் அலுவலகம் அது. தவணை கட்டாதவர்களைத் தொலைபேசியில் அழைத்து “வக்கீல் பேசுகிறேன்” என்று மிரட்ட வேண்டும். மாதம் 9,000 ரூபாய். முடியாது என்று வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து அலைக்கழிப்பு. சார் மீட்டிங்கில் இருக்கிறார். சார் சென்னைக்குப் போயிருக்கிறார். ஆடி மாதத்தில் நிறுவனங்கள் ஆள் எடுக்காது, ஆடி முடியட்டும். (அமெரிக்க நிறுவனத்துக்கு ஆடி என்ன, ஆவணி என்ன?) ஆடியும் முடிந்தது. கடைசியில், “நீங்கள் கையெழுத்துப் போட்டதைப் படித்துப் பாருங்கள், நீங்கள்தான் வக்கீலாயிற்றே” என்றார் அந்த அம்மா. படித்தேன். மூன்றாம் பக்கம், 14-ஆவது பிரிவு: வேலை தேட உதவி மட்டுமே, உத்தரவாதம் இல்லை, கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாது. அதற்குக் கீழே, தகராறு என்றால் பெங்களூரு நீதிமன்றத்தில் மட்டும். ஒப்பந்தச் சட்டத்தில் வகுப்பிலேயே நான்தான் முதல் மதிப்பெண். 48,500 ரூபாய்!

நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் தயாராகிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். அதனால் பெங்களூரு வரை போகத் தேவையில்லை, கடலூரே போதும். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது. என் முதல் வழக்கு இதுதான், கட்சிக்காரரும் நானே.

விரிவாக ஆலோசனை எழுதத்தான் உட்கார்ந்தேன், நேரமில்லை. வேலைக்கு முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். வாயால் சொன்னதை எழுத்தில் கேளுங்கள். எல்லாப் பக்கங்களையும் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். பணம் அனுப்பிய அன்றே சந்தேகம் வந்தால், இணையவழிப் பண மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அழையுங்கள். நான் இரண்டு மாதம் கழித்து அழைத்தேன்.

ஏழரை மணிப் புதுச்சேரி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ரசீதையும் நாள்காட்டித் தாளையும் நகல் எடுத்து வைத்திருக்கிறேன். அந்த மாடியில் இன்றைக்கு யார் தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்க்கப் போகிறேன்.