சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோ: ஹாங்காங் வழியா, துபாய் வழியா?

சென்னைக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே நேர்தூரம் ஏறத்தாழ 13,900 கிலோமீட்டர். நேரடி விமானம் இல்லாததால் எங்காவது இறங்கி ஏறித்தான் ஆக வேண்டும். எழுபதைக் கடந்த அம்மாவை உடன் அழைத்துச் செல்ல வேண்டியிருந்தபோது, கிழக்கே ஹாங்காங், மேற்கே துபாய் என்ற இரண்டு வழிகளையும் எடைபோட்டு ஹாங்காங்கைத் தேர்ந்தெடுத்தேன். துபாய் வழியை முன்பு தனியாகச் சென்றதால் அறிவேன்.

கட்டணம் தேதிக்குத் தேதி மாறுவது. அதை வைத்து எதையும் சொல்வதற்கில்லை. சைவ உணவை இரண்டிலும் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். நேர வித்தியாசம் எவ்வழியில் போனாலும் கோடையில் பன்னிரண்டரை மணி, குளிர்காலத்தில் பதின்மூன்றரை மணி என்பதால், தூக்கம் கெடுவதிலும் பெரிய வேறுபாடு இல்லை.

தூரத்தைப் பார்த்தால், ஹாங்காங் வரை 3,700, அங்கிருந்து 11,100 என மொத்தம் 14,800 கிலோமீட்டர். துபாய் வரை 2,900 தான் என்றாலும் அதற்கடுத்த பறப்பு 13,000 கிலோமீட்டர் என்பதால் 1,100 கிலோமீட்டர் கூடிவிடுகிறது. விமான வேகத்தில் இது ஒன்றேகால் மணி நேரம். இதற்காக மட்டும் நான் வழியை மாற்றியிருக்க மாட்டேன்.

முடிவு செய்தது, ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் உட்கார வேண்டும் என்பதுதான். துபாயிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு ஏறத்தாழ பதினாறு மணி நேரம். ஹாங்காங்கிலிருந்து பன்னிரண்டு முதல் பதின்மூன்று மணி நேரத்தில் இறங்கிவிடலாம், ஏனெனில் வட பசிபிக்கின் மேல் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் பலத்த உயரக் காற்று (ஜெட் ஸ்ட்ரீம்) விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. பத்து மணி நேரம் கடந்தபோதே அம்மாவின் கணுக்கால் வீங்கி, காலுறையின் விளிம்பு தோலில் பள்ளமாகப் பதிந்திருந்தது. நடைபாதை ஓர இருக்கை வாங்கியிருந்தோம். மணிக்கொரு முறை பின்பக்கச் சமையலறை வரை நடக்க வைத்தேன். அந்த நிலையில் இன்னும் மூன்று, நான்கு மணி நேரம் என்பது சாதாரண விஷயமன்று.

திரும்பும்போது இந்தச் சாதகம் பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. அதே காற்று எதிரே வருவதால் ஹாங்காங் வரை பதினான்கு மணி நேரத்துக்கு மேலாகிறது. துபாய் வழியோ வடதுருவப் பகுதியை ஒட்டிச் செல்வதால் போகவும் வரவும் ஏறக்குறைய ஒரே நேரம். ஆக, வரும்போது வானில் கழியும் மொத்த நேரம் இரண்டிலும் இருபது மணியை ஒட்டியே நிற்கும். எங்கள் பயணம் குளிர்காலத்தில்; காற்று தளரும் கோடையில் போகும்போதும் இடைவெளி சற்றுக் குறையலாம்.

துபாய்க்குச் சார்பாக ஒன்றை மறுக்க முடியாது. சென்னைக்கும் துபாய்க்கும் இடையே நாள்தோறும் பல விமானங்கள் இருப்பதால், திரும்பி வரும்போது இணைப்பு தவறினால் மாற்று எளிது. ஹாங்காங்கில் அந்த வசதி குறைவு. நகருக்குள் போக இந்தியர்கள் தங்கள் வருகையை முன்கூட்டியே பதிவும் செய்திருக்க வேண்டும். எனவே அவ்வழியில் செல்பவர்கள் இரண்டு பறப்புகளையும் ஒரே டிக்கெட்டில் எடுத்து, இடையில் குறைந்தது மூன்று மணி நேரமாவது விட்டுக்கொள்வது நல்லது. முழங்கால் வலியில்லாத இளையவர் தனியாகப் போவதாக இருந்தால், துபாயைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.