இத்தாலி திருயாத்திரை பேக்கேஜ்: எல்லாம் சரி, பதுவையில்தான் கோட்டை விட்டார்கள்

வேலூர்ப் பக்கம் ஆள் சேர்த்து இத்தாலிக்கு அழைத்துப்போகும் ஒரு திருயாத்திரை நிறுவனத்தோடு நானும் என் மனைவியும் போய்வந்தோம். ரோம், அசிசி, லொரேட்டோ, பதுவை, கடைசியில் வெனிஸ். நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. கிளம்பும் முன்பு மற்ற நிறுவனங்களின் நோட்டீஸ்களையும் வாங்கிப் பார்த்தேன், எல்லாவற்றிலும் ஏறக்குறைய இதே அட்டவணைதான். அதனால் யாரோடு போனாலும் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுவது நல்லது.

நான் காட்பாடி ஜங்ஷனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நேர அட்டவணை என்று ஒரு தாள் கைக்கு வந்தால் ஓரத்தில் பென்சிலால் கணக்குப் போடாமல் இருக்க முடியாது. மனைவி நர்ஸாக இருந்தவர். செவ்வாய்க்கிழமை அந்தோனியார் நவநாளைத் தவறவிடாதவர். இந்தப் பயணத்துக்கு நாங்கள் பணம் சேர்த்ததே அந்தோனியாரின் கல்லறை இருக்கும் பதுவைக்காகத்தான். மற்றதெல்லாம் வழியில் வருவது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னைக்குப் போய்க் கைரேகை வைத்ததைத் தவிர விசா வேலை எதுவும் எங்கள் தலையில் விழவில்லை. ஹோட்டல்கள் சுத்தம், வெந்நீர் வந்தது. கூட வந்த ஃபாதர் தினமும் தமிழில் பூசை வைத்தார். மதியம் பாஸ்தா, ராத்திரி இந்தியச் சாப்பாடு. பருப்புப் பொடியும் ஊறுகாயும் கொண்டுபோயிருந்ததால் பாஸ்தாவையும் சமாளித்தோம். அசிசியில் ஒரு முழு நாள் தந்தார்கள், மனசாரச் சொல்கிறேன், குறையே இல்லை.

அப்புறம் பதுவை. அட்டவணையில் ‘பதுவை அந்தோனியார் பேராலயம், வழியில் தரிசனம்’ என்று போட்டிருந்தது. வழியில்! ஒதுக்கிய நேரம் ஒன்றே முக்கால் மணி. பேருந்து நிற்கும் இடத்திலிருந்து நடந்து வருவது, கழிப்பறை வரிசை, செபமாலைக் கடை எல்லாம் அதற்குள் அடக்கம். அன்று மாலையே வெனிஸில் படகுச் சவாரிக்கு அதைவிட அதிக நேரம். சேத்துப்பட்டிலிருந்து வந்த ஒரு அம்மா பேருந்திலேயே கேட்டுவிட்டார்: “இன்னா தம்பி, கோடி அற்புதருக்கு ஒன்றே முக்கால் மணி, படகுக்கு மூணு மணியா?” டூர் மேனேஜர் தம்பி சிரித்து மழுப்பினார். பாவம், அட்டவணை போட்டது அவர் இல்லை.

அந்தக் கோயில் அவசரமாகப் பார்க்கிற கோயில் இல்லை. அந்தோனியார் பிறந்தது லிஸ்பனில், 1195-ல். பதுவைப் பக்கம் அவர் இருந்தது வாழ்வின் கடைசிச் சில வருடங்கள்தான். ஆனாலும் ஊர் அவரைத் தன் பிள்ளையாகவே எடுத்துக்கொண்டது. 1231 ஜூன் 13 வெள்ளிக்கிழமை, ஊருக்கு வெளியே ஆர்செல்லாவில் உயிர் பிரிந்தது. உடல் எங்களுக்குத்தான் என்று அந்தப் பகுதி மக்கள் தகராறு செய்து தடுத்துவிட்டார்கள். ஒரு வழியாகச் சமாதானமாகி அடக்கம் நடந்தது 17-ம் தேதி, செவ்வாய்க்கிழமை. நம் ஊர்க் கெபிகளில் செவ்வாய்தோறும் மெழுகுதிரி ஏற்றுவதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது. ஒரு வருடம்கூட ஆகவில்லை, 1232 மே 30-ல் திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரியார் புனிதர் பட்டம் கொடுத்துவிட்டார். அதே வருடம் பேராலய வேலையும் தொடங்கியது. முதலில் அவரை அடக்கம் செய்த சிறிய மாதா கோயிலை இடிக்காமல், இந்தப் பெரிய கோயிலுக்குள்ளேயே ஒரு சிற்றாலயமாக வைத்திருக்கிறார்கள். இதில் ஒரு வரிகூட எங்கள் வழிகாட்டி வாயிலிருந்து வரவில்லை. இயர்போனில் கேட்டதெல்லாம் எங்கே, எத்தனை மணிக்குக் கூட வேண்டும் என்பதுதான்.

கல்லறை இடப்பக்கச் சிற்றாலயத்தில் இருக்கிறது. சுற்றுச் சுவரில் ஒன்பது பளிங்குச் சிற்பப் பலகைகள், எல்லாம் அவர் செய்த புதுமைகள், அதாவது அற்புதங்கள். பிறந்த குழந்தை வாய் திறந்து பேசித் தாயின் மானத்தைக் காப்பாற்றியது, கஞ்சனின் இருதயம் பணப்பெட்டிக்குள் கிடந்தது என்று நாம் பிரசங்கத்தில் கேட்ட கதைகளை அங்கே கல்லில் பார்க்கலாம். பீடத்தைச் சுற்றிப் பின்பக்கம் போனால் கல்லறையின் பலகைக் கல். வருகிறவர்கள் அதில் உள்ளங்கையை வைத்து நிற்கிறார்கள். சிலர் நெற்றியையும் சாய்க்கிறார்கள். பக்கத்தில் ஜனங்கள் வைத்துவிட்டுப் போன போட்டோக்கள்: கைக்குழந்தைகள், கல்யாண ஜோடிகள், தலையில் கட்டுப் போட்ட ஒரு பையன். எங்கள் தெருவில் பத்து வீட்டுக்கு மேல் கொடுத்தனுப்பிய விண்ணப்பச் சீட்டுகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கைப்பையில் வைத்திருந்தார் மனைவி. ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி வேண்டிக்கொள்ள வேண்டும் என்பது அவர் கணக்கு. பாதி முடிவதற்குள் எங்கள் குழுவின் கொடியை வாசல் பக்கம் தூக்கிவிட்டார்கள். “என்னங்க, நீங்க போய்ச் சொல்லுங்க, நான் வர மாட்டேன்” என்றார். போய்ச் சொன்னேன். கால் மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தது. அதற்கே மேனேஜர் தம்பி இரண்டு போன் போட வேண்டியிருந்தது.

அந்தக் கால் மணியில்தான் பின்புறமுள்ள திருப்பண்டச் சிற்றாலயத்தையும் பார்த்தோம். 1263-ல் பெட்டியைத் திறந்தபோது உடல் மண்ணாகியிருந்தது, நாக்கு மட்டும் கெடாமல் இருந்தது. திறந்தபோது கூட இருந்தவர் பிரான்சிஸ்கன் சபைத் தலைவர் புனித பொனவெந்தூர். அந்த நாக்கைப் பொன் வேலைப்பாடுள்ள உயரமான பாத்திரத்தில் வைத்திருக்கிறார்கள். வரிசையில் நகர்ந்துகொண்டே பார்க்க வேண்டும், உள்ளே படம் எடுக்க விடுவதில்லை. வாங்கிய சுரூபங்களையும் செபமாலைகளையும் துறவிகள் மந்திரித்துத் தருவார்கள் என்று தெரிந்தும், எங்கள் குழுவில் பாதிப் பேர் மந்திரிக்காமலே பேருந்தில் ஏறினார்கள். சேத்துப்பட்டு அம்மாவின் மூன்று சுரூபங்களை ஃபாதர் அன்று இரவு ஹோட்டலில் வைத்து மந்திரித்தார். அந்த அம்மாவுக்கு அதில் முழுத் திருப்தி இல்லை.

எனக்கு உண்மையான கோபம் வந்தது வேறு விஷயத்தில். பேராலயத்திலிருந்து பத்து நிமிட நடையில் சாந்தா ஜூஸ்தினா என்று ஒரு பெரிய கோயில். நற்செய்தி எழுதிய லூக்காவின் கல்லறை அங்கே இருக்கிறது. லூக்கா மருத்துவர், மருத்துவர்களுக்குப் பாதுகாவலர். வேலூரிலிருந்து வந்த குழுவில் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்கள், ஆஸ்பத்திரியை நம்பிப் பிழைப்பவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள், யோசித்துப் பாருங்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை! அந்தக் கோயில் பக்கத்து மைதானத்தை ஒட்டித்தான் பேருந்தே போனது. ஸ்க்ரோவெஞ்ஞி சிற்றாலயத்தில் ஜொத்தோ 1305 வாக்கில் வரைந்து முடித்த சுவரோவியங்களும் இதே ஊரில்தான். அதற்கு முன்கூட்டியே டிக்கெட் போட வேண்டும், போட்டாலும் உள்ளே கால் மணி நேரம்தான் விடுவார்கள். திருயாத்திரைக் குழுவுக்கு அது இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்பேன். லூக்காவை விட்டது மட்டும் மன்னிக்க முடியாதது.

திரும்பி வந்ததும் நிறுவனத்துக்கு ஒரு தாளில் மாற்று அட்டவணை போட்டு அனுப்பினேன். இப்போது அவர்கள் புதன்கிழமை திருத்தந்தையின் பொதுச் சந்திப்பைப் பிடிப்பதற்காக முதலில் ரோமில் இறங்குகிறார்கள். பதுவை வார இறுதிக்குத் தள்ளிப்போகிறது. அதைத் திருப்பிப் போடுங்கள். வெனிஸில் இறங்கி, செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து பதுவை. அங்கிருந்து ரோமுக்கு அதிவேக ரயில் நாலு மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விடுகிறது. சாயங்கால வண்டி ஏறினால் ராத்திரி ரோமில் தூங்கலாம், புதன் காலை சந்திப்புக்கும் போகலாம். அசிசியும் லொரேட்டோவும் அதற்குப் பிறகு. செவ்வாய்க்கிழமை நவநாள் அவருடைய கல்லறையிலேயே கிடைக்கும், லூக்காவுக்கும் நேரம் இருக்கும். ரயில் டிக்கெட் கூடுதல் செலவு என்று பதில் போட்டார்கள். ஆளுக்கு எவ்வளவு என்று சொல்லுங்கள், கட்டுகிறவர்கள் கட்டட்டும் என்று எழுதியிருக்கிறேன். பதிலைக் காணோம்.

அதுவரைக்கும் என் மதிப்பீடு ஐந்துக்கு மூன்று. ரோமும் அசிசியும் போதும் என்பவர்கள் தாராளமாகப் போகலாம். அந்தோனியாருக்கு நேர்ச்சை இருப்பவர்கள், பதுவையில் அரை நாளாவது தருகிறோம் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு முன்பணம் கட்டுங்கள். ஜூன் 13 திருவிழாவுக்கே போகிற எண்ணமிருந்தால் ஹோட்டலைப் பல மாதம் முன்பே கேளுங்கள். அன்று சுரூபத்தை எடுத்துக்கொண்டு ஊர்த் தெருக்களில் பவனி உண்டு, கூட்டம் நெரியும். பெண்கள் தோளை மூடியிருக்க வேண்டும், புடவைக்கு அந்தப் பிரச்சினையே இல்லை. நடக்க முடியாதவர்களுக்கு சக்கர நாற்காலி வேண்டுமென்றால் பேருந்தில் ஏறும் முன்பே சொல்லிவையுங்கள். வெனிஸ் படகுச் சவாரி கட்டணத்தில் சேர்த்தி என்று நோட்டீஸில் இருக்கிறது, ஆனால் படகுக்காரருக்கு டிப்ஸ் என்று தனியாக யூரோ வசூலிப்பார்கள். கேட்டால் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை.